எம்டிஆடம்: லினக்ஸோடு வரும் ரெய்டை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே அணியாகச் சேர்த்து, பொதுவாக ஒன்று போனாலும் தரவு பிழைக்கும்படி வைக்கும் ரெய்டை அமைக்க மூன்று வழிகள் உண்டு: மதர்போர்டு பயாஸில் இருக்கும் ரெய்டு, தனியாக வாங்கிச் செருகும் ரெய்டு கார்டு, லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் ரெய்டு மென்பொருளான எம்டி. இந்த மூன்றாவதை ஆளும் கருவிதான் எம்டிஆடம். வீட்டு சர்வருக்கும் சிறிய அலுவலகத்தின் கோப்பு சர்வருக்கும் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன்.

காரணம் வேகம் அல்ல, மீட்கும் எளிமை. எந்த டிஸ்க் எந்த இடத்தில், எந்த லெவலில் (தரவைப் பங்கிட்டுக் காக்கும் முறை) இருக்கிறது என்ற விவரம் எல்லாம் டிஸ்க்குகளிலேயே சூப்பர்பிளாக் என்ற சிறு குறிப்பாக எழுதப்பட்டிருக்கும். மதர்போர்டு செத்துப்போனால், டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் எந்த வரிசையில் செருகினாலும், 'அசெம்பிள்', 'ஸ்கேன்' என்ற இரண்டு தெரிவுகளோடு எம்டிஆடத்தை ஓட்டினால் போதும், அணி எழுந்துவிடும். ரெய்டு கார்டு பழுதானால் பெரும்பாலும் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். பேட்டரி காப்புள்ள கேஷ் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இருப்பது மட்டும்தான் கார்டின் உண்மையான பலம். பரபரப்பான டேட்டாபேஸ் சர்வருக்கு அது மதிப்புள்ளது. மதர்போர்டு ரெய்டில் அந்தக் கேஷும் கிடையாது, கணக்கையும் சிபியுவே போடுகிறது. ஒரே அணியை விண்டோஸும் லினக்ஸும் பகிர வேண்டும் என்றால் தவிர, அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

லெவலைப் பொறுத்தவரை, நான்கு 8 டெராபைட் டிஸ்க் இருந்தால், ஒரு டிஸ்க் போவதை மட்டும் தாங்கும் லெவல் 5 தருவது 24 டெராபைட்; இரண்டைத் தாங்கும் லெவல் 6-ம், எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக வைக்கும் 10-ம் தருவது 16. அந்த 8 டெராபைட் வித்தியாசம்தான் எல்லோரையும் 5-ன் பக்கம் இழுக்கிறது. பெரிய டிஸ்க்குகளில் 5 வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு டிஸ்க் போனால், புதியதை நிரப்ப மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். சராசரியாக நொடிக்கு 150 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலே 15 மணி நேரம். நடுவே வேலையும் நடந்தால் இன்னும் நீளும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கின் விவரக்குறிப்பு, 12.5 டெராபைட் படித்தால் ஒரு செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) படிக்க முடியாமல் போகலாம் என்ற அளவைத்தான் உறுதி சொல்கிறது. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்றாலும், 24 டெராபைட்டைப் படிக்கும்போது காப்பே இல்லாமல் நிற்பது வீண் துணிச்சல். லெவல் 6-ல் எந்த இரண்டு டிஸ்க் போனாலும் பிழைக்கலாம். ஆனால் சிறிதளவு எழுதும் ஒவ்வொரு முறையும் இரண்டு பாரிட்டியையும் (இழந்த தரவைத் திரும்பக் கணக்கிட வைக்கும் காப்புத் தரவு) திருத்த வேண்டியிருப்பதால், விர்ச்சுவல் மெஷின்களுக்கும் டேட்டாபேஸுக்கும் லெவல் 10 நல்லது. படம், வீடியோ, ஆவணம் என்றால் 6.

டிஸ்க் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்பது. சிஎம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் தனித்தனியாக இருக்கும்; எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால், புதிய டிஸ்க்கை நிரப்ப மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதும் ரீபில்ட் வேலையில் அது மூச்சுத் திணறும். நாஸுக்கு (நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் பெட்டி) என்று விற்கப்பட்டதை நம்பியும் வாங்க முடியாது: வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-ல்தான் வெளியே வந்தது. அதன் பிறகே சிஎம்ஆர் மாடல்களுக்கு ரெட் பிளஸ் என்ற பெயர் வந்தது.

அடுத்தது யாரும் எச்சரிக்காத டைம்அவுட் பிரச்சினை. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயலலாம். கெர்னலோ 30 நொடி மட்டுமே பொறுத்துவிட்டு, டிஸ்க்கை ரீசெட் செய்யும். ஒரே ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் அணியிலிருந்து வெளியே தள்ளப்படுவது இப்படித்தான். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடி இஆர்சி அளவை (பிழையை மீட்க டிஸ்க் முயலும் நேரம், பத்தில் ஒரு நொடிக் கணக்கில்) படிக்கவும் எழுதவும் 70, 70 என்று வைத்தால் டிஸ்க் 7 நொடியில் தோல்வியை ஒப்புக்கொள்ளும். எம்டி அந்தச் செக்டரை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுத் திரும்ப எழுதிவிடும். இந்த வசதி இல்லாத டிஸ்க் என்றால் கெர்னலின் டைம்அவுட்டை 180 நொடியாக உயர்த்துங்கள். பல டிஸ்க்குகளில் மின்சாரம் போய் வந்தால் இந்த அமைப்பு மறந்துபோகும், ஆகவே கணினி பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் ஓடும்படி வையுங்கள்.

முழு டிஸ்க்கையும் அப்படியே அணியில் சேர்க்காமல், ஜிபிடி (டிஸ்க்கின் பகுதிகளைப் பட்டியலிடும் அட்டவணை) பார்ட்டிஷன் ஒன்று போட்டு அதைச் சேர்ப்பதே பாதுகாப்பு. சூப்பர்பிளாக் 1.2 வடிவம் உட்காரும் இடம் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி. வெற்று டிஸ்க் என்று நினைத்து விண்டோஸோ சில மதர்போர்டுகளோ ஜிபிடி அட்டவணை எழுதினால், அது நேராக அந்த இடத்தின்மேல்தான் விழும். பார்ட்டிஷனின் கடைசியில் 100 மெகாபைட் விட்டுவைத்தால், நாளை வாங்கும் மாற்று டிஸ்க் ஒரு துளி சிறியதாக இருந்தாலும் பொருந்தும்.

அணியை உருவாக்குவது ஒரே வரி: 'கிரியேட்', அணியின் பெயர் எம்டி0, லெவல் 6, டிஸ்க் எண்ணிக்கை 4, பிறகு நான்கு பார்ட்டிஷன்களின் பெயர்கள். ப்ராக் கோப்பகத்தில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பில் ஒத்திசைவு நகர்வதைப் பார்க்கலாம். அது முடியக் காத்திருக்காமல் உடனே கோப்பமைப்பு போட்டுப் பயன்படுத்தலாம். லெவல் 5-ல் மட்டும் புது அணியே 'டிகிரேடட்' (காப்பு குறைந்தது) என்று காட்டும். கடைசி டிஸ்க்கை ஸ்பேராக, அதாவது உதிரியாக, வைத்து நிரப்புவதே அதன் முறை, பயம் வேண்டாம்.

பிறகு 'டீட்டெயில்', 'ஸ்கேன்' தரும் வரியை எம்டிஆடத்தின் கான்ஃபிக் கோப்பில் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்பமைப்பு) புதுப்பிக்க வேண்டும். இதை விட்டவர்களுக்குத்தான் மறுபடி பூட் ஆகும்போது எம்டி0 காணாமல் போய் எம்டி127 வந்து நிற்கும். தானாக இணைக்க வேண்டிய கோப்பமைப்புகளைப் பட்டியலிடும் எஃப்ஸ்டாப்பில் அணியின் பெயரை எழுதாமல், மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுதுங்கள், கூடவே அணி இல்லாவிட்டாலும் பூட் நிற்காமலிருக்க 'நோஃபெயில்'.

எம்டிஆடத்தின் பெரிய குறை அதன் மௌனம். டிஸ்க் ஒன்று போனாலும் அணி வழக்கம்போல ஓடும், திரையில் எதுவும் வராது. கான்ஃபிக் கோப்பில் மெயில் முகவரி கொடுத்தால் மட்டும் போதாது. கணினியிலிருந்து மெயில் உண்மையிலேயே வெளியே போகிறதா என்பதை 'மானிட்டர்', 'ஸ்கேன்', 'ஒன்ஷாட்', 'டெஸ்ட்' தெரிவுகளோடு ஓட்டி, பெட்டிக்கு வந்து சேர்ந்த பிறகே நம்ப வேண்டும்.

இன்னொரு குறை, தரவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் செக்சம் கிடையாது. மாதாந்திரச் சோதனை இரண்டு பிரதிகள் ஒத்துப்போகவில்லை என்று எண்ணிச் சொல்லும், எது சரி என்று சொல்லாது. 'ரிப்பேர்' கொடுத்தால் ஒரே தரவைப் பிரதியாக வைக்கும் லெவல் 1-ல் ஒரு பிரதியை எடுத்து மற்றதன்மேல் எழுதிவிடும், அவ்வளவுதான். தரவு சத்தமில்லாமல் கெடுவது உங்கள் முதல் கவலை என்றால் செக்சம் வைக்கும் கோப்பமைப்பான இசட்எஃப்எஸ்ஸுக்குப் போங்கள். கைதவறி அழித்த கோப்பையோ ரான்சம்வேரையோ எந்த லெவலும் தடுக்காது. தனி பேக்கப் தனியாகவே வேண்டும்.

டிஸ்க் மாற்றும் நாளுக்காக, கேபினெட்டை மூடும் முன்பே ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் வெளியே தெரியும்படி ஒட்டிவையுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மாறக்கூடியவை. பெயரை நம்பி நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது அடிக்கடி நடக்கிறது. டிஸ்க் இன்னும் உயிரோடிருந்து தள்ளாடுகிறது என்றால் 'ஃபெயில்' கொடுக்காதீர்கள். புதியதை ஸ்பேராகச் சேர்த்து 'ரீப்ளேஸ்' கொடுத்தால், பழையதிலிருந்தே நகலெடுக்கும், அணியின் காப்பு ஒரு நிமிடமும் குறையாது. அணி எழவில்லை என்றால் எந்த நிலையிலும் 'கிரியேட்' கட்டளையைத் திரும்ப அடிக்கக் கூடாது. டிஸ்க் வரிசையோ தரவு தொடங்கும் இடமோ மாறி, லெவல் 5, 6 என்றால் பாரிட்டி ஒத்திசைவு நல்ல தரவின்மேல் எழுதத் தொடங்கிவிடும். முதலில் 'எக்ஸாமின்' வெளியீட்டை எல்லா டிஸ்க்கிலிருந்தும் எடுத்துச் சேமித்து, அணியில் மாற்றம் நடக்க நடக்கக் கூடும் ஈவென்ட் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் சிறிதளவே வேறுபட்டால் 'அசெம்பிள்', 'ஃபோர்ஸ்' பெரும்பாலும் மீட்டுவிடும்.