ஸ்கூல் சீட் வாங்கித் தரேன்னு 650 பவுண்டு சுருட்டிட்டான்: இங்கிலாந்துக்குள்ள வீடு மாறுற பெத்தவங்க கவனத்துக்கு

மக்களே, கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 650 பவுண்டு போச்சு. பணம் போனது ஒரு பக்கம், செப்டம்பர்ல புள்ளைக்கு எந்த ஸ்கூல்னே இன்னும் முடிவாகல, அதான் வயிறு எரியுது. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு மாறுறவங்க, வீட்டுல ஸ்கூல் போற வயசுல புள்ள இருக்கறவங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க. என்னென்ன பண்ணணும், பண்ணக்கூடாதுன்னு கடைசில சொல்றேன்.

நாங்க லண்டன்ல ஈஸ்ட் ஹாம்ல இருந்தோம். பொண்ணு இந்த செப்டம்பர்ல ரிசப்ஷன் (இங்க ஸ்கூல்ல முதல் வகுப்பு, நாலு அஞ்சு வயசுப் புள்ளைங்களுக்கு) போகணும். அப்ளிகேஷனுக்கு ஜனவரி 15 கடைசி தேதி, அதுக்கு முன்னாடியே அங்க கவுன்சில் (ஸ்கூல் சீட் ஒதுக்குற உள்ளாட்சி நிர்வாகம்) வெப்சைட்ல ஆறு ஸ்கூல் போட்டு சப்மிட் பண்ணியாச்சு (லண்டன்ல ஆறு வரைக்கும் போடலாம்). எல்லாம் ஒழுங்காதான் போய்ட்டிருந்துச்சு. பிப்ரவரில வீட்டுக்காரருக்கு வேலை லண்டனுக்கு வெளிய ரெடிங்ங்கற ஊர் பக்கம் மாறிடுச்சு. அடிச்சுப் பிடிச்சு வீடு பாத்தோம். ஒரு வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல நல்ல பேர் வாங்குன பிரைமரி ஸ்கூல் ஒண்ணு இருந்துச்சு, அதுக்காகவே வாடகை கூடன்னாலும் பரவால்லன்னு அந்த வீட்டுக்கே அக்ரிமென்ட் போட்டோம்.

கடைசி தேதி முடிஞ்சப்புறம் வீடு மாறினா ஸ்கூலுக்கு என்ன பண்றதுன்னு, நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கற ஒரு ஆன்லைன் குரூப்ல கேட்டேன். கொஞ்ச நேரத்துல இன்பாக்ஸ்ல ஒருத்தர். ரீலொகேஷன் சர்வீஸாம், வீடு, ஜிபி (குடும்ப டாக்டர்) ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்கூல் அட்மிஷன் எல்லாம் முடிச்சுத் தருவாங்களாம்.

அவன் பேசுன பேச்சை சொல்லியே ஆகணும். போன்ல எடுத்த எடுப்புல "சொல்லுங்க தங்கச்சி, பாப்பா பேரென்ன?"ன்னான். பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அவன் பையனும் அதே ஸ்கூல்தானாம், இயர் டூவாம். ஹெட் டீச்சர் பேர் சொன்னான், காலைல கேட்டுக்கு எதிர்ல நின்னு புள்ளைங்கள ரோடு கிராஸ் பண்ணி விடுற அம்மா பேர் கூட சொன்னான். பின்னாடி ஒரு குழந்தை ஃபோனிக்ஸ் சத்தமா சொல்லிட்டிருந்துச்சு, "கொஞ்சம் இருங்க தங்கச்சி, பையன் ஹோம்வொர்க்"னு சொல்லி அதுக்கு ஸ்பெல்லிங் திருத்திட்டு வந்தான். வாரக்கணக்கா வீடு தேடி, சாமான் கட்டி, யாருமே தெரியாத ஊருக்குப் போறோமேன்னு இருந்தவளுக்கு அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. நானும் அண்ணா அண்ணான்னுதான் கூப்பிட்டேன்.

அப்புறம் மெதுவா ஆரம்பிச்சான். "ஒவ்வொரு ஸ்கூல்லயும் நம்ம ஊர் மேனேஜ்மென்ட் கோட்டா மாதிரி ரெண்டு மூணு சீட் வச்சிருப்பாங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. எனக்கு ஆபீஸ்ல ஆள் இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, ரெண்டு கவுன்சில்லயும் அப்ளிகேஷன் இருந்தா சிஸ்டம் ரெண்டையும் தூக்கிடும். அதனால நீங்க எதையும் தொடாதீங்க, யாருக்கும் போன் பண்ணாதீங்க, புது கவுன்சில்ல நானே போட்டுக்கறேன்." இந்த "தொடாதீங்க"ல தான் மொத்த வித்தையும் இருக்கு. நான் ஒரு போன் பண்ணியிருந்தா அவன் குட்டு அன்னைக்கே உடைஞ்சிருக்கும்ல, அதனால முதல்ல அந்த வழிய அடைச்சிட்டான்.

முதல்ல 250 பவுண்டு ரெஜிஸ்ட்ரேஷன்னு வாங்குனான். அப்புறம் சீட்டை லாக் பண்ணணும்னு 400. மொத்தம் 650, எல்லாம் பேங்க் டிரான்ஸ்ஃபர், அக்கவுண்ட் வேற ஒரு பேர்ல, கேட்டா வைஃப் அக்கவுண்டாம். பாப்பாவோட பர்த் சர்டிஃபிகேட், எங்க பாஸ்போர்ட் காப்பி, டெனன்சி அக்ரிமென்ட் எல்லாம் வாங்கிக்கிட்டான். பதிலுக்கு ஒரு பிடிஎஃப் வந்துச்சு. மேல ஸ்கூல் லோகோ, மங்கலா, வெப்சைட்ல இருந்து வெட்டி ஒட்டுனது. நடுவுல தடியா "அட்மிஷன் கன்ஃபர்ம்டு", அதுக்குக் கீழ எறும்பு சைஸ் எழுத்துல "சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி". கிளாஸ்னு இருக்கற இடத்துல "எல்கேஜி / ரிசப்ஷன்". இங்க எந்த ஸ்கூல்காரன் எல்கேஜின்னு எழுதுவான் சொல்லுங்க! யூனிஃபார்ம் வாங்கி வச்சிடுங்க, ஆகஸ்ட்ல கூட்டம் தாங்காதுன்னு வேற அக்கறையா சொன்னான். லோகோ போட்ட பச்சை ஸ்வெட்டர் வாங்கினோம், பாப்பா அதைப் போட்டுக்கிட்டே தூங்குவேன்னு ஒரே அடம்.

ஏப்ரல் 16 எல்லாருக்கும் எந்த ஸ்கூல்னு ரிசல்ட் வர்ற நாள். எங்களுக்கும் மெயில் வந்துச்சு, பழைய கவுன்சில்ல இருந்து, ஈஸ்ட் ஹாம் ஸ்கூலுக்கு. நாங்க மார்ச்லயே வீட்டை காலி பண்ணிட்டோம்! இவனுக்கு போன் அடிச்சா, "அது பழசு தங்கச்சி, இக்னோர் பண்ணுங்க, நம்மளது தனி லிஸ்ட்ல வரும்"னான். வரல. கடைசில புது கவுன்சிலுக்கு நானே கூப்பிட்டேன். அந்தம்மா பாவம் பொறுமையா ரெண்டு மூணு விதமா தேடிப் பாத்துட்டு, உங்க பொண்ணு பேர்லயும் இல்ல, அந்த போஸ்ட்கோட்லயும் இல்ல, எங்ககிட்ட அப்ளிகேஷனே வரலையேன்னாங்க. எனக்கு பேச்சே வரல.

அவங்க சொல்லித்தான் மீதி தெரிஞ்சுது. கடைசி தேதிக்கப்புறம் குடி வர்றவங்களுக்கு சில கவுன்சில் ஒரு சலுகை குடுக்கறாங்க, குறிப்பிட்ட நாளுக்குள்ள டெனன்சி அக்ரிமென்ட்டோட போட்டா லேட் அப்ளிகேஷனைக் கூட டைமுக்கு வந்த மாதிரி எடுத்துப்பாங்க. எங்களுக்கு அந்த நாளும் தாண்டிப் போச்சு. இவன் "தொடாதீங்க"ன்னு உக்கார வச்ச நேரத்துலதான் போச்சு. ரிசப்ஷன்ல ஒரு டீச்சருக்கு 30 புள்ளைங்கதான், சட்டமே அப்படித்தான், அந்த ஸ்கூல் ஃபுல். அப்பீல் போகலாம், செலவு இல்ல, ஆனா இந்த 30 ரூல் குறுக்க நிக்கறதால ஜெயிக்கறது ரொம்பக் கஷ்டமாம். இப்போ வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் போட்டிருக்கோம். சட்டப்படி அஞ்சு வயசு முடிஞ்சு அடுத்து வர்ற டெர்ம்ல இருந்துதான் ஸ்கூல் கட்டாயம்னு ஒருத்தர் ஆறுதல் சொன்னார், சரிங்க, அதுவரைக்கும் நர்சரி ஃபீஸ் யார் கட்டறது?

இவன் சமாளிச்ச விதம் தனிக் கதை. முதல்ல ஈஸ்டர் லீவு, ஆபீஸ்ல யாரும் இல்ல. அப்புறம் போர்ட்டல் டவுன். அப்புறம் மீட்டிங்ல இருக்கேன். அப்புறம், "கவலைப்படாதீங்க, வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேரு பாப்பாதான்." வெயிட்டிங் லிஸ்ட்ல யார் முதல்ல பேர் குடுத்தாங்கன்னு பாக்கவே மாட்டாங்க, கேர்ல (கவுன்சில் பராமரிப்புல) இருக்கற குழந்தைங்க, அண்ணன் அக்கா அங்க படிக்கறவங்க, தூரம் இப்படித்தான் வரிசை, புதுசா ஒருத்தர் சேந்தா வரிசையே மாறும். அதை நான் சொன்னதும் ஆளு ரூட்டை மாத்தினான். ஸ்கூல் பக்கத்துல ஃப்ரெண்ட் வீடு இருக்கு, அந்த அட்ரஸ் போட்டுடலாம், 300 மட்டும் குடுங்கன்னான். அப்பவும் வாய் கூசல பாருங்க! பொய் அட்ரஸ்னு தெரிஞ்சா குடுத்த சீட்டையே கவுன்சில் திரும்ப எடுத்துக்கலாம். முடியாது, என் 650 பவுண்டைத் திருப்பிக் குடுன்னேன். தங்கச்சி மேடம் ஆயிட்டேன். "சர்வீஸ் ஃபீஸ் நான்-ரீஃபண்டபிள் மேடம், நாங்க எஃபர்ட் போட்டிருக்கோம்." என்ன எஃபர்ட்? அந்த பிடிஎஃப்பா? மறுநாள் டிபி காணோம், மெசேஜ் போகல, பிளாக்.

குரூப்ல எழுதினேன். அட்மின் உடனே தூக்கிட்டார். இது உங்க பர்சனல் பிரச்சனையாம், குரூப் பேர் கெட்டுடுமாம். அவன் விளம்பரம் மட்டும் இன்னும் அங்கேயே ஜம்முனு இருக்கு.

பேங்க்ல ஃபிராடுன்னு புகார் குடுத்தேன். 2024 அக்டோபர் 7ல இருந்து இந்த மாதிரி ஏமாந்து டிரான்ஸ்ஃபர் பண்ணின பணத்தை பேங்க் திருப்பித் தரணும்னு ரூல் இருக்கு. ஆனா பேங்க்காரங்க, அவர் ஏதோ டாக்குமென்ட் அனுப்பியிருக்காரே, இது மோசடி இல்ல, உங்க ரெண்டு பேருக்குள்ள சிவில் தகராறுன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. ஃபைனல் லெட்டர் கேட்டு வாங்கியிருக்கேன், அதைக் கையில வச்சு ஆறு மாசத்துக்குள்ள ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற அமைப்பு) போகலாம், அதுக்கு காசு இல்ல. 650 பவுண்டுல ஒரு பவுண்டையும் விடப் போறதில்ல. பணத்தை விட பயம் என்னன்னா, புள்ள பர்த் சர்டிஃபிகேட்டும் பாஸ்போர்ட் காப்பியும் அவன் போன்ல கெடக்கு.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுது. இவங்க வெள்ளைக்காரன்கிட்ட இந்த வேலைய காட்ட மாட்டாங்க, காட்டினாலும் எடுபடாது. சீட்டுன்னா சிபாரிசு வேணும், டொனேஷன் வேணும், உள்ள ஆள் வேணும்னு பாத்து வளந்தவங்க நாம. அந்தப் பழக்கத்தை வச்சே வலை விரிக்கறாங்க. இங்க கவர்ன்மென்ட் ஸ்கூல்ல அட்மிஷனுக்காக ஸ்கூலே டொனேஷன், டெபாசிட்னு எதையும் கேக்கக் கூடாது, அட்மிஷன்ஸ் கோடுலயே (ஸ்கூல் சேர்க்கைக்கான அரசு விதிமுறை) தெளிவா இருக்கு. கோட்டாவாம் கோட்டா.

சரி, அட்வைஸ். அப்ளிகேஷன் ஃப்ரீ, எப்பவும் ஃப்ரீ. நீங்க குடியிருக்கற ஏரியா கவுன்சில்ல போடணும், பக்கத்து கவுன்சில் ஸ்கூல் வேணும்னாலும் அவங்க மூலமாதான். வீட்டு அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே பழைய கவுன்சில், புது கவுன்சில் ரெண்டுக்கும் நீங்களே பேசுங்க, லேட் அப்ளிகேஷனுக்கு எந்த நாள் வரைக்கும்னு கேளுங்க. அட்ரஸ் ஏற்பாடு பண்றேன்னா ஓடிடுங்க. புள்ள பேப்பர் எதையும் யாருக்கும் வாட்ஸப்ல அனுப்பாதீங்க. இன்னும் எழுதணும்னு நெனச்சேன், அப்பீல் ஃபார்ம் பாதில நிக்குது, அதை முடிக்கணும்.

அவன் நம்பரை இங்க போட்டா இந்தப் பதிவையும் தூக்கிடுவாங்க. ரெடிங் பக்கம் யாராவது இப்படி ஒரு அண்ணன்கிட்ட பேசிட்டிருந்தா பணம் அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு மெசேஜ் பண்ணுங்க, பிடிஎஃப், சாட், டிரான்ஸ்ஃபர் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் வச்சிருக்கேன், அனுப்பறேன்.