குளோன்சில்லா: அப்டேட்டுக்கு முன் ஒரு நகல்

பாளையங்கோட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறேன். அப்டேட் போடும் முன் குளோன்சில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளில் சிஸ்டம் டிஸ்கை இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்துவிடுவேன். தைவானில் உருவானது, காசு கிடையாது. டேட்டா உள்ள பகுதிகளை மட்டும் எடுப்பதால் சீக்கிரம் முடியும். ஆனால் எழுத்துத் திரைதான், கேள்விமேல் கேள்வி கேட்கும். எந்த டிஸ்கிலிருந்து எதற்கு என்பதை மட்டும் சீரியல் எண் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாறினால் கதை முடிந்தது. சர்வரை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும், ஆகவே கடை சாத்திய பிறகுதான். முடிந்ததும் நகலைக் கழற்றிவிடுங்கள்; இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (டிஸ்க் பகுதிகளின் அடையாள எண்), சர்வரில் ஓடும் இயங்குதளமான லினக்ஸ் குழம்பிவிடும்.

போன தடவை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க் கார்டே தெரியவில்லை. நகல் டிஸ்கை மாட்டினேன். அண்ணாச்சி ஊதுபத்தி ஏற்றும்போது பில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கெல்லாம் தனி டிஸ்கில் இருப்பதால் ஒரு வரிகூடப் போகவில்லை.