பச்சை மூடிக்குக் காசு கொடுக்கலாமா? டயர் கடை நைட்ரஜன் சேவை பற்றி

டயர் கடைகளிலும் பெரிய பெட்ரோல் பங்குகளிலும் நைட்ரஜன் அடித்து, வால்வில் பச்சை மூடி மாட்டி, டயருக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்கள். மைலேஜ் கூடும், டயர் சூடாகாது, வண்டி சொன்னபடி கேட்கும் என்பது பேச்சு. இதில் பாதி, சரியான அழுத்தத்துக்குச் சேர வேண்டிய பெருமை.

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும். 32 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தின் அளவு) உள்ள டயரில் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ கூடும், உள்ளே எது இருந்தாலும். கசிவில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவின் நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 31 வகை டயர்களை 30 பிஎஸ்ஐயில் நிரப்பி ஓராண்டு வைத்துப் பார்த்ததில், காற்று சராசரியாக 3.5, நைட்ரஜன் 2.2 பிஎஸ்ஐ இறங்கியது. ஆண்டுக்கு 1.3 பிஎஸ்ஐ மிச்சம், அவ்வளவுதான்.

இதைப் பெட்ரோலாக்கிப் பார்க்கலாம். நான்கு டயரின் சராசரி 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் 667 லிட்டர் குடிக்கும். ஆண்டு முழுக்க டயரைத் தொடாமல் விட்டாலும் நைட்ரஜனால் மிச்சமாவது ஒரு லிட்டர்கூடத் தேறாது. அதே வண்டி 8 பிஎஸ்ஐ குறைவாக ஓடினால் பத்து லிட்டருக்கு மேல் வீண்.

பெட்ரோலைவிடக் கையாளுதலில்தான் அடி பலம். முன்டயரில் 5, 6 பிஎஸ்ஐ குறைந்தால் ஸ்டீயரிங் கனக்கும், வளைவில் மூக்கு வெளியே தள்ளும். பின்டயரில் குறைந்தால் இன்னும் மோசம்: கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வால் ஆடுவது தெரியும். பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்வதால் சூடேறும், ஓரப் பட்டன் (தரையில் படும் ரப்பர்) தேயும். கூடுதலாக அடித்தால் நடுப்பட்டன் தேயும், குண்டும் குழியுமான ரோட்டில் டயர் குதித்துப் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும்.

சேவையின் தரம் கடைக்குக் கடை மாறுவதற்குக் காரணம் அவசரம். இருக்கிற காற்றை இறக்காமல் மேலே கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்தால், 25ஐ 32 ஆக்கினாலும் உள்ளே 80 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. முழுக்க இறக்கினாலும் வெளிக்காற்று ஒரு பங்கு தங்கிவிடும். 95 சதவீதச் சுத்தமுள்ள நைட்ரஜனை ஒருமுறை அடித்தால் 90ஐத் தொடும், இரண்டாம் முறை இறக்கி அடித்தால்தான் 93. காசு கொடுப்பதென்றால் வண்டியை ஜாக்கியில் தூக்கி இரண்டு முறை செய்யச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் இலவசக் காற்றே போதும்.

எது அடித்தாலும் அளவு முக்கியம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். முன்னும் பின்னும் வேறு எண் இருக்கலாம், ஆள் நிறைய ஏறினால் வேறு எண் இருக்கலாம். டயர் பக்கச்சுவரில் அச்சிட்ட 44, 51 போன்ற எண் அதிகபட்ச எல்லை. அதை வைத்து அடிக்கக் கூடாது. மூன்று மணி நேரம் நின்ற வண்டியில், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியதில் அளக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டில் 32 வைத்தால் காலையில் 28தான் நிற்கும். அடித்து முடித்ததும் வால்வில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் ஊசி தளர்ந்திருக்கிறது.

நைட்ரஜனுக்கு உண்மையான ஒரு நன்மை, ஈரம் இல்லாதது. கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கும் தண்ணீரை வடிக்காத கடையில் மழைக்காலத்தில் காற்றோடு தண்ணீரும் போகும், இரும்பு ரிம் துருப்பிடிக்கும்.

கெடுதல் தருவது ஒரு வதந்தி: நைட்ரஜன் டயரில் காற்று கலக்கக் கூடாது என்பது. அதை நம்பி நைட்ரஜன் கடை வரும்வரை 22 பிஎஸ்ஐயில் ஓட்டுகிறார்கள். தாராளமாகக் கலக்கலாம்.

மாதமொருமுறை அளப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. ஸ்டெப்னிக்கு மட்டும் கொடுக்கலாம், மாதக்கணக்கில் யாரும் தொடாத டயர் அது. மெலிந்த தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால் பக்கச்சுவரில் 60 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். பழக்கத்தில் 32 வைத்து மூடிவிடப் போகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.