உடற்பயிற்சியால் வரும் பருக்கள்: மாதக்கணக்கில் பயன்படுத்தியதில் கைகொடுத்தவை, கைவிட்டவை

முதுகில் பரு வந்தால் எல்லோரும் வியர்வையைத்தான் திட்டுகிறோம். வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். வழிந்தோ காய்ந்தோ போய்விட்டால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. எண்ணெய்ப் பசையோடும் இறந்த செல்களோடும் குழைந்து, இறுக்கமான துணிக்கடியில் ஊறிக் கிடக்கும்போதுதான் துளைகள் அடைபடுகின்றன. இதோடு உராய்வும் அழுத்தமும் சூடும் சேர்ந்து வரும் பருவுக்கு ‘ஆக்னி மெக்கானிக்கா’ என்று பெயர். 1975-ல் மில்ஸ், கிளிக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்தது இது.

பரு எங்கே வருகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும். ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டை பதியும் கோட்டில் வரிசையாக வரும். பை மாட்டி நடப்பவர்களுக்குத் தோளில் பட்டையின் அகலத்துக்கே வரும். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் வார் அழுத்தும் தாடைக்கடியில். எடைக் கம்பியைத் தோளில் தாங்கி ஸ்குவாட் போடுபவர்களுக்கு அந்தக் கம்பி உட்காரும் கழுத்தடியில். இப்படிக் கோடு போட்டாற்போல் வந்தால் க்ரீம் தேடுவதற்கு முன் பட்டையைத் தளர்த்துங்கள். வாருக்கும் தோலுக்கும் நடுவில் துவைத்த மெல்லிய துணி ஒன்றை வையுங்கள். பல பேருக்கு இதுவே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

மருந்து என்று எடுத்தால், நீண்ட நாள் உபயோகத்தில் நிலைத்து நின்றது பென்சாயில் பெராக்சைடு வாஷ்தான், அதாவது தடவிக் கழுவும் பரு மருந்து. நெஞ்சுக்கும் முதுகுக்கும் 4 அல்லது 5 சதவீதம் போதும், முகத்துக்கு 2.5 சதவீதத்தில் தொடங்கலாம். 10 சதவீதம் வாங்கினால் பலன் அதே அளவில்தான் இருக்கும், எரிச்சல்தான் கூடும். பெரும்பாலானவர்கள் தவறுவது நேரத்தில்: தடவிய கையோடு கழுவிவிடுகிறார்கள், மருந்தும் தண்ணீரோடு போய்விடுகிறது. ஈரமான தோலில் மெல்லிசாகத் தடவி 2 முதல் 5 நிமிடம் விட வேண்டும். மேல் முதுகுக்கு ஒரு டீஸ்பூன் அளவு தாராளம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், தோல் தாங்கினால் பிறகு தினமும்.

இதன் பெரிய தொல்லை துணி வெளுப்பது. கண்ணுக்குத் தெரியாமல் தங்கும் மிச்சம் போதும். கறுப்பு டீ-ஷர்ட்டின் காலரில் ஆரஞ்சு நிறத் திட்டு விழும், அது எந்தச் சோப்புக்கும் போகாது. வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை என்று மாற்றிக்கொள்வதே வழி. புட்டியை வெயிலில் நிற்கும் காரிலோ ஜிம் பையிலோ விடாதீர்கள், சூட்டில் மருந்து சிதைந்துவிடும்.

குளிக்கும் வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தலையை முதலில் அலசி, கண்டிஷனர் முழுக்கப் போனபின் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கடைசியாக முதுகைக் கழுவுங்கள். வரிசை மாறினால் கண்டிஷனரின் பசை முதுகில் படிந்து, மருந்து போட்டும் பரு நிற்காது. நார் வைத்துத் தேய்ப்பதைக் கண்டிப்பாக விட வேண்டும். உராய்வால் வந்த பருவை உராய்ந்தே ஆற்ற முடியுமா என்ன?

பயிற்சி முடிந்ததும் உடனே குளிக்க வசதியில்லாத இடங்களில் ஈர மேலாடையையாவது கழற்றிவிடுங்கள். ஈரத்தோடு ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருப்பது, பயிற்சி நேரத்தைவிட அதிகமாகப் படுத்துகிறது. சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் உள்ள துடைப்பான்கள் இங்கே உதவும், அது எண்ணெயில் கரைந்து துளைக்குள் இறங்குவதால். பென்சாயிலையும் இதையும் ஒரே நாளில் போட்டால் பலருக்குத் தோல் உரிகிறது; நாள் மாற்றிப் போடலாம்.

முகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேக்கப்பைக் கலைத்துவிட்டு ஓடுங்கள், வியர்வையைத் துண்டால் ஒற்றி எடுங்கள், பெஞ்சைத் துடைத்த துண்டு முகத்துக்கு வேண்டாம்.

ஆடையில் தளர்வும் சீக்கிரம் உலரும் தன்மையும் முக்கியம். பருத்தி ஈரத்தை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டால் விளையாட்டுத் துணியில் மெழுகுபோல் படிந்து, உலரும் குணமே கெட்டுப்போகும். ‘துவைத்தும் நாற்றம் போகவில்லை’ என்பதற்கும் பல சமயம் இதுதான் காரணம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லையா? அது பருதானா என்று பாருங்கள். நெஞ்சிலும் மேல் முதுகிலும் ஒரே அளவில், கடுகு போலப் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்து, நடுவில் ஒரு கரும்புள்ளிகூட இல்லையென்றால் அது மலசீசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். பருவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் இது இன்னும் பெருகும். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை நுரைத்துத் தடவி 5 நிமிடம் வைத்துக் கழுவினால் பலருக்குச் சில வாரங்களில் அடங்குகிறது. ஆனால் திரும்ப வரும் சுபாவம் உள்ளது. அடங்கிய பிறகும் வாரம் ஒருமுறை போட்டுவருவது நல்லது.

உண்மையான பருவுக்கு 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். இன்று தெரியும் பரு வாரக்கணக்கில் உள்ளே உருவாகி வந்தது, இன்று தொடங்கும் மருந்து அதைத் தடுத்திருக்க முடியாது. மூன்றாம் வாரத்திலேயே ‘வேலை செய்யவில்லை’ என்று புட்டியை மாற்றுபவர்களுக்கு எதுவுமே வேலை செய்யாது. 12 வாரமும் போதாமல் போனால் இரவில் அடாபலீன் என்ற பூச்சு மருந்தை 0.1 சதவீதத்தில் சேர்க்கலாம், பட்டாணி அளவு முகம் முழுதுக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது.

தழும்பு விழத் தொடங்கினாலோ, தொட்டாலே வலிக்கும் பெரிய கட்டிகள் வந்தாலோ கடை மருந்தோடு காலம் தள்ளாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது சாப்பிடும் பவுடர்களின் பட்டியலையும் கொண்டுபோங்கள். வே புரோட்டீன் என்ற பால் புரதப் பவுடரை ஆரம்பித்த பிறகு சிலருக்குப் பரு கூடுவதைக் காண்கிறோம். தசை வளர்க்க ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதை நிறுத்தாதவரை எந்த வாஷும் எடுபடாது.