குரூப் 4 கலவைக் கணக்கு நோட்டு: வாங்கலாம், விடைப் பக்கத்தை நம்பாதீர்கள்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்டு 120 ரூபாய்க்கு விற்கிற கணக்கு நோட்டு இது. கொடுத்த காசுக்குத் தேறுவது கலவைக் கணக்குப் பகுதி. தனிவட்டி, வேலை-நாள் எல்லாம் எந்த கைடிலும் இருப்பதுதான்.

எழுதியவருக்கு ஊர் தெரிந்திருக்கிறது. முதல் கணக்கே ரப்பர் பால்: டி.ஆர்.சி. (பாலில் இருக்கும் உலர் ரப்பரின் பங்கு) 30 சதவீதம் உள்ள 20 லிட்டர் பாலை, ஷீட் அடிக்க 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் வேண்டும்? (டி.ஆர்.சி. என்பது எடைக் கணக்கு. கிலோ என்று போட்டிருக்க வேண்டும்.) x போடுவதற்கு முன்னால், மாறாமல் இருப்பது எது என்று எழுதச் சொல்கிறார். உலர் ரப்பர் 6 கிலோ. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது 6 தான். தண்ணீரை x என்று வைத்தால்

0.125 (20 + x) = 6
20 + x = 48
x = 28

விடைப் பக்கத்திலோ 48 என்று அச்சாகியிருக்கிறது. அது மொத்தக் கலவை, தண்ணீர் இல்லை. பரீட்சையிலும் 48 ஒரு ஆப்ஷனாக இருக்கும். அவசரத்தில் அதைத்தான் குறிப்பார்கள்.

அரிசிக் கணக்கு சுத்தம். 60 ரூபாய் அரிசியையும் 45 ரூபாய் அரிசியையும் கலந்து கிலோ 50 ரூபாயில் 30 கிலோ வேண்டும். 60x + 45(30 − x) = 1500, ஆக x = 10. உடனே அலிகேஷன் (விலை வித்தியாசங்களை வைத்துக் கலவை விகிதம் காண்பது) குறுக்குவழிக்குத் தாவுவதுதான் சரியில்லை. 60 − 50 = 10, 50 − 45 = 5 என்று போட்டுவிட்டு, 10-ஐ 60 ரூபாய் அரிசிக்கே எழுதிவிடுகிறவர்கள் அதிகம். வித்தியாசம் மாறிப் போய் உட்கார வேண்டும்: விலை கூடியது 5 பங்கு, குறைந்தது 10 பங்கு. 50 என்பது 45-க்குத்தான் கிட்டே இருக்கிறது, அதனால் மலிவு அரிசி கூடுதலாக வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் குழப்பமே வராது.

பாலில் தண்ணீர் மாற்றுவதற்குச் சூத்திரம் மட்டும்தான், விளக்கம் இல்லை. 40 லிட்டர் பாலில் 4 லிட்டர் எடுத்து அதே அளவு தண்ணீர் ஊற்றுவது, மூன்று தடவை. 40 − 12 = 28 என்று போடக்கூடாது; இரண்டாம் தடவை எடுக்கும் 4 லிட்டரில் பால் 3.6 தான். 36, 32.4, 29.16 என்று படிப்படியாக எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் சூத்திரத்துக்குப் போங்கள்.

பின்னக் கோடுகள் சில பக்கங்களில் மங்கலாக இருக்கின்றன. கடையிலேயே புரட்டிப் பார்த்து வாங்கவும்.