கான் தண்ணி: தண்ணிக்கு 4 மார்க், கானுக்கு 2 மார்க்

பரந்தன் பக்கம் எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி ஒரே சவர், கேத்தில் அடியில வெள்ளையா படை கட்டிப்போடும், அதால ஒரு வருசமா பில்டர் தண்ணிதான், லான்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில அடுக்கிக் கொண்டு வாற 19 லீற்றர் நீலக் கான். கடை பேர் போடேல்ல, நாளைக்கும் முகத்தில முழிக்கோணும்.

தண்ணியில குறை இல்ல, பிளேன்ரீ இப்பதான் பிளேன்ரீ மாதிரி இருக்கு. கொண்டு வாற அண்ணையும் தங்கமான மனிசன், அம்மாக்கு இடுப்பு நோ எண்டு தெரிஞ்சு தானே குசினி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் கவிட்டு வச்சிட்டுத்தான் போவார்.

பிரச்சினை கான். போன கிழமை வந்ததை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தா உள்ளுக்கெல்லாம் கீறல், பால் கலந்த மாதிரி மங்கிப் போய்க் கிடக்கு. அடியில முக்கோணத்துக்குள்ள 7, கீழ பிசி எண்டு இருக்கு, அதெண்டா பொலிகாபனேற், பிஸ்பீனோல் ஏ (சுருக்கமா பிபிஏ) எண்ட இரசாயனத்தில செய்யிற பிளாஸ்டிக். எப்பிடி அண்ணை கழுவுறியள் எண்டு கேட்டன், "சுடுதண்ணியும் கார சோப்பும் போட்டு பிறஸ்ஸால உரஞ்சுறது தங்கச்சி, ஒரு கிருமி தப்பாது" எண்டார், பெருமையா. எனக்குப் பக்கெண்டுது.

ஏனெண்டா 1998ல அமெரிக்காவில, ஒஹாயோவில, பற்றீசியா ஹன்ட் எண்ட விஞ்ஞானியின்ர ஆய்வுகூடத்தில நடந்ததும் இந்தக் கழுவல்தான். எலிக்கூடும் எலிக்கு வைக்கிற தண்ணிப் போத்தலும் பொலிகாபனேற், ஆரோ நிலம் கழுவுற கார சோப்பை மாறிப் போட்டுக் கழுவ பிளாஸ்டிக் அரிச்சு பிஸ்பீனோல் கசிஞ்சு, எலியின்ர கருமுட்டையில நிறமூர்த்தங்கள் (டிஎன்ஏயைக் காவுற இழையள்) வரிசைக்கு வராம சிதறிக் கிடக்கிறது 100க்கு 1, 2 ஆ இருந்தது 40க்கு ஏறிட்டுது. இந்தப் பிபிஏ ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் மாதிரி வேசம் போடும், கலம் நம்பிடும். அதுக்கு மேல உடம்புக்குள்ள மாறிப் போற ஒரு துண்டு டிஎன்ஏயிலயே போய் ஒட்டக்கூடியது, டிஎன்ஏ இழை அறுறதையும் ஆய்வுகூடத்தில கலங்களில கண்டிருக்கினம்.

எலிக்கு வந்தது எங்களுக்கும் அப்பிடியே வரும் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா அக்கா மாசமா இருக்கிறா. பொம்பிளைப் பிள்ளையெண்டா அதின்ர முட்டையள் தாயின்ர வயித்துக்க இருக்கேக்கையே உருவாகத் தொடங்கிடும், அக்கா குடிக்கிற தண்ணி பேரப்பிள்ளை வரைக்கும் போற கதை.

பிபிஏ இல்லை எண்டு ஸ்டிக்கர் ஒட்டின போத்தல் வாங்கச் சொல்லாதேங்கோ, அதுக்குப் பதிலா போடுற பிஸ்பீனோல் எஸ்ஸும் (பிபிஎஸ்) அந்த வேலைதான் செய்யுது எண்டு அதே ஹன்ட் ஆக்கள் 2018ல எழுதிட்டினம், திரும்பவும் எலிக்கூட்டுப் பிளாஸ்டிக் பழுதாகிப் பட்டுத்தான்.

இப்ப எவர்சில்வர் குடம் குடுத்துவிடுறன், அண்ணை முகம் சுழிக்காம நிரப்பி வாயில துணி கட்டிக் கொண்டு வாறார். றோட்டுக் குழியில காவாசி பெட்டியிலயே ஊத்துண்டு போகுது, அதுக்கு மார்க் குறைக்கேல்ல.