லோயர் ஆர்ம் புஷ்: ரப்பரா, பாலியூரித்தேனா?

தினமும் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குக் காரில்தான் போய்வருகிறேன். ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையை, லிவரால் நெம்பிக் காட்டினார். அந்த ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் மெத்தை மாதிரி இருக்கும் புஷ்ஷின் ரப்பர் பாதிச் சுற்றுக்குக் கிழிந்து வாய் பிளந்திருந்தது. "ஷாக்ல ஒண்ணுமில்ல சார், புஷ்தான்."

கம்பெனி ரப்பரே போடலாம் என்றார். நான்தான் ஆசைப்பட்டு பாலியூரித்தேன் போட்டேன், ரப்பர் மாதிரியே இருக்கும் செயற்கைப் பொருள், சுருக்கமாக பாலி.

வளைவில் வித்தியாசம் உடனே தெரிந்தது. ரப்பர் பக்கவாட்டில் கொஞ்சம் நசுங்கும், சக்கரத்தின் கோணமும் அதோடு சற்று நகரும். பாலி கெட்டி என்பதால் அவ்வளவு நசுங்காது. கை திருப்பியதுமே கார் திரும்பியது. கிருமாம்பாக்கம் வரை எனக்கு ஒரே குஷி.

மழைக்காலம் வந்ததும் குஷி போய்விட்டது. ரப்பர் புஷ்ஷில் உள் குழாய், வெளி வளையம் இரண்டோடும் ரப்பர் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கினால் ரப்பரே முறுக்கிக்கொண்டு மீளும், கிரீஸ் தேவையில்லை. பாலி பெரும்பாலும் அப்படி ஒட்டியிருக்காது, குழாயின் மேல் வழுக்கிச் சுழலும். கிரீஸ் காய்ந்தால் 'கீச் கீச்', அப்புறம் பிடித்துக்கொள்ளும். சின்ன மேடுபள்ளத்தில் ஸ்பிரிங் அசைவதற்கு முன் இந்தப் பிடிப்பு விட வேண்டும். ஸ்பிரிங் அதேதான், ஆனால் தார் பெயர்ந்த இடத்தில் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் தெரிந்தது.

ரப்பரிலும் ஒரு வம்பு உண்டு. மச்சான் காரில் புது ரப்பர் புஷ் சில மாதத்திலேயே கிழிந்தது. சரக்கு மட்டம் என்று எல்லாரும் திட்டினோம். உண்மையில் தப்பு முடுக்கிய விதத்தில். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். கார் தரையில் நின்றாலே ரப்பர் முறுக்கோடு இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? சக்கரம் எடை தாங்கி நிற்கும் நிலையில்தான் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். ஷெட்டில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலியைக் கழற்றுவதும் லேசாக இல்லை. கடலூர் உப்புக் காற்றில் போல்ட் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது, அடித்து எடுக்கவே ஒரு மணி நேரம்.

இப்போது லோயர் ஆர்மில் ரப்பர். இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாருக்கு மட்டும் பாலி, வளைவில் வண்டி சாய்வது கொஞ்சம் குறைந்திருக்கிறது. மார்கழியில் அதுவும் ஒருமுறை கீச்சிட்டது. கிளாம்பைக் கழற்றி சிலிக்கான் கிரீஸ் வைத்ததும் அடங்கிவிட்டது, ஆர்மைத் தொடவே தேவைப்படவில்லை.